மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளும் சாட்பாட்டுகள்: சட்டம் எதைத் தடுக்க வேண்டும்?

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் ஏபி 489 என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. உரிமம் பெற்ற மருத்துவரோ செவிலியரோ பதிலளிக்கிறார் என்று எண்ணவைக்கும் பட்டங்களையும் சொற்களையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் விளம்பரத்திலோ உரையாடலிலோ பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு பயன்பாடும் தனி மீறலாகவே கணக்கிடப்படும். இத்தகைய சட்டம் நமக்கும் வேண்டும். பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019இன் 34ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது கிளினிக் வைத்து ஏமாற்றும் போலி மருத்துவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. செயலியை நடத்தும் நிறுவனம், ‘நாங்கள் மென்பொருள்தான் தருகிறோம்’ என்று எளிதாக ஒதுங்கிக்கொள்ளும்.

நாகலூர் எஸ்டேட் கணக்கர்:
ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எங்கள் ஏற்காடு மலையிலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போவதா, விடியும்வரை பொறுப்பதா என்று காபித் தோட்டத் தொழிலாளி கைப்பேசியைத்தான் கேட்கிறார். பட்டா மாறுதலுக்கு என்னென்ன சான்று வேண்டும் என்பதையும் அதனிடமே கேட்கிறார். சட்டம் பட்டத்தைத் தடுப்பதில் தொடங்கி, பேச்சையே தடுப்பதில் போய் முடியும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தைப் பாருங்கள்: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உளவியல் சிகிச்சை அளிப்பதையே அது தடைசெய்து, மீறலுக்குப் பத்தாயிரம் டாலர் வரை அபராதமும் விதித்தது.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
இல்லினாயை நான் முன்மாதிரியாகக் காட்டவில்லை. காய்ச்சலைப் பற்றிய தகவலைச் சொல்லட்டும். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மலையிறங்க வேண்டும் என்பதையும் சொல்லட்டும். ‘நான் குழந்தை மருத்துவர், பயப்பட வேண்டாம்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஒரு தாய் பயணத்தைத் தள்ளிப்போடுவார். இன்ஸ்டாகிராமில் பயனர்கள் உருவாக்கிய, உளவியல் ஆலோசகராகப் பேசும் சாட்பாட் பாத்திரங்கள், கேட்டவர்களிடம் பொய்யான உரிம எண்களையும் சொன்னதை 2025இல் அமெரிக்க இதழாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். மருத்துவர் தவறு செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க அவருடைய பதிவு எண் நமக்கு உதவுகிறது. இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு யார் மீது புகார் கொடுப்பது?

சூரமங்கலம் மென்பொருளாளர்:
இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பது என் நிலைப்பாடு. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்கு உதவலாம் என்று 2020 மார்ச் 25ஆம் நாள் வெளியான இந்தியாவின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களே சொல்லிவிட்டன. மேலும், இந்தச் செயலிகள் பலவற்றின் திரையில் ‘இது மருத்துவ ஆலோசனை அன்று’ என்னும் குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது. படிக்காதவரைச் சட்டம் காப்பாற்றாது.

ஏற்காடு ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, உங்கள் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பணியாற்றிய ஊர்களில் பெண்கள் பலர் கைப்பேசியில் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. குரலில் கேட்டுக் குரலிலேயே பதில் பெறுகிறார்கள். திரையின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் குறிப்பு அவர்களை எப்படி எட்டும்? காதில் விழுவதெல்லாம், ‘டாக்டர் பேசுறேன், சொல்லுங்கம்மா’ என்னும் கனிவான குரல்தான். வீடு வீடாகச் சென்ற காலத்தில், சர்க்கரை மாத்திரையைப் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று நிறுத்தியவர் மறுவாரமே மீண்டும் போட்டுக்கொள்வார். டாக்டரே சொன்னார் என்று நிறுத்தியவரை மாற்ற மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். டாக்டர் என்னும் பேருக்கு எங்கள் மக்கள் வைத்திருக்கும் மதிப்பு அவ்வளவு. அந்த மதிப்பை இயந்திரம் இரவல் வாங்கக் கூடாது. கணக்கர் ஐயா சொல்லும் இரவு நேரத்துக்கு 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது, மனக்கலக்கத்துக்கு 14416 என்னும் மனநல உதவி எண் இருக்கிறது. இரண்டிலும் மனிதர்களே பேசுகிறார்கள். அந்த எண்களைச் செயலி தானாகவே சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தட்டும்.

நாகலூர் எஸ்டேட் கணக்கர்:
அம்மா சொல்வதை ஏற்கிறேன். பட்டம் சூட்டிக்கொள்வதற்குத் தடை வரட்டும்; தான் இயந்திரம் என்பதைத் தமிழில், குரலில், உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லட்டும். ஆனால் அபராதத்துக்கு அஞ்சி, உடல்நலக் கேள்வி எதற்கும் தமிழில் பதிலே தராமல் நிறுவனங்கள் வாயை மூடிக்கொண்டால், ஆங்கிலம் அறிந்தவருக்கு மட்டுமே விவரம் கிடைக்கும். தகவல் சொல்வது குற்றமாகாது என்று சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதாதவரை என் எதிர்ப்பு நீடிக்கும்.

சூரமங்கலம் மென்பொருளாளர்:
நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ‘நான் மருத்துவர்’ என்னும் கூற்றை ஆங்கிலத்தில் வடிகட்டுவதைப் போலத் தமிழில் வடிகட்டுவது எளிதன்று. பேச்சுவழக்கில் அதை எத்தனையோ விதமாகச் சொல்லலாம். பாத்திரத்தை உருவாக்கியவர் வேறு யாரோ என்னும்போது, தளத்தை நடத்துபவரைத் தண்டிப்பதும் நியாயமாகாது.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:
கணக்கர் கேட்கும் விலக்கைச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதலாம்; எனக்கு மறுப்பில்லை. மென்பொருளாளரோடு உடன்பட முடியாது. தமிழில் பேசிப் பயனர்களைச் சேர்க்கும் நிறுவனம், தமிழில் வடிகட்டும் செலவையும் ஏற்கத்தான் வேண்டும். யாரோ உருவாக்கிய பாத்திரமாக இருந்தாலும், அதைப் பட்டியலிட்டுப் பரிந்துரைத்து வருமானம் பார்ப்பது தளம்தான். புகார் வந்த பிறகும் நீக்காமல் விட்டால் அந்தத் தளமே பதில் சொல்லட்டும்.