புதுப்பிப்பு: அப்பாவின் சிறுநீரக மாற்றுக்குப் பிறகு துணைக்கு இருப்பது, மாத்திரை நேரம்

அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று, கொடுத்தவர் அம்மா. நாங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்தில், ஆஸ்பத்திரி கோலாலம்பூரில். யார் துணைக்கு இருப்பது, சொந்தபந்தத்தை எப்படிச் சமாளிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அம்மா முதலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது அப்பாவும்.

"ஒரே ஆள் நிற்கட்டும், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் போதும்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. தம்பி நின்றான். சாயங்காலமானால் ஒரு குரல் பதிவு வரும்: சிறுநீர் எவ்வளவு போனது, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) எவ்வளவு, என்ன சாப்பிட்டார். அதோடு அத்தைமார் போன் அடங்கியது. பெரியத்தை மட்டும் விதிவிலக்கு!

டாக்ரோலிமஸ் (புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கப் போடும் மாத்திரை) 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதன் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் காலையில், எடுத்த பிறகுதான் மாத்திரை போட வேண்டும். முந்தின வேளை மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற சோதனை அது. மாத்திரையைச் சட்டைப்பையில் கொண்டுபோகச் சொன்னீர்களே, அப்பா இப்போதும் அப்படித்தான் செய்கிறார்.

எதிர்பாராதது, ஈப்போ பக்கத்துத் தம்புனில் விளையும் பம்ளிமாஸ் பழம். மாமா ஆசையாக வாங்கி வந்து, கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து தோலை உரிக்கத் தொடங்கிவிட்டார். தாதி வந்து தடுத்தார். அந்தப் பழம் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடக்கூடும். ஈப்போ பக்கத்துக்காரர்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டால் சர்க்கரையும் ஏறியது. டாக்டர் சொன்னபடி வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்து எழுதி வைக்கிறோம்.