நீர்ப்பிரமி மேட்டில் படர்கிறது, நீருக்குள் கரைகிறது: காரணம் என்ன?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
வணக்கம். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் ஒரு பக்கம் செங்கல் அடுக்கிச் செம்மண் மேடும், மறுபக்கம் அரையடி ஆழத்துக்கு நீருமாக அமைத்து, கப்பி மீன்களை விட்டிருக்கிறேன். கடையில் கட்டாக வாங்கிய நீர்ப்பிரமியில் சில தண்டுகளை உருவி மேட்டில் நட்டேன். மிச்சத்தைக் கட்டோடு நீருக்குள் மணலில் புதைத்தேன். மேட்டில் உள்ளவை படர்ந்து பூவும் வைத்துவிட்டன. நீருக்குள் இருப்பவையோ அடித்தண்டு கறுத்து, இலை மஞ்சளாகிக் கரைகின்றன. பிழைத்தவையும் படராமல் நெட்டுக்குத்தாக எழுகின்றன. எங்கள் போர்வெல் நீர் நல்ல உப்புத் தண்ணீர். அதுதான் காரணமா?

பதில் (ஈரோடு):
தண்ணீரின் மேல் பழி போட வேண்டாம், தம்பி. சற்றே உவர்ப்பான நீரையும் தாங்கும் செடி இது. கட்டின் அடியில் ஈயப் பட்டை சுற்றியிருக்கும். அதன் இறுக்கத்தில் தண்டு நசுங்கி, மணலுக்குள் புதைந்த இலைகளோடு சேர்ந்து அழுகும். தவிர, கடைக்கு வரும் செடிகள் பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை என்பதால், காற்றில் உருவான பழைய இலைகள் நீருக்குள் நெடுநாள் நிற்பதில்லை. பழைய இலையைப் பார்த்துக் கவலைப்படாமல் நுனியைப் பாருங்கள். அங்கே பச்சைத் துளிர் இருந்தால் செடி பிழைத்துவிட்டது. நீருக்குள் நிமிர்ந்து வளர்வது இதன் இயல்பு. ஈரமண்ணில்தான் கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும்.

கேள்வி கேட்டவர்:
கட்டைப் பிரித்துப் பார்த்தேன், அண்ணா. பட்டைக்குக் கீழே கூழாகி, முகர முடியாத நாற்றம். நுனிகளில் துளிர் இருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் கிடைப்பதையும் பறித்துச் சேர்க்கலாமா?

பதில் (ஈரோடு):
முதலில் கறுத்த பகுதிக்கு மேலே, நல்ல கணுவுக்குச் சற்றுக் கீழாக நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, விரற்கடை இடைவெளியில் ஒவ்வொரு தண்டாக நடுங்கள். நெருக்கி நட்டால் அடியில் வெளிச்சம் படாமல் இலை மறுபடியும் உதிரும். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் பாசிதான் கொழுக்கும். தண்டு நீர்மட்டத்தைத் தொட்டதும் மேட்டுப் பக்கம் சாய்த்துவிட்டால், அது தானாகவே மண்ணில் ஏறிப் படரும்.

பதில் (பவானி):
வாய்க்கால் செடியைப் பறித்த கையோடு தொட்டியில் போட வேண்டாம் என்பதை மட்டும் நானும் சொல்லிவிடுகிறேன். வயலுக்கு அடித்த பூச்சிமருந்து அதில் ஒட்டியிருக்கலாம். தட்டானின் இளம்புழு ஒளிந்து வந்தாலோ, கப்பிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்கும். தனி வாளியில் போட்டு, அடிக்கடி நீரை மாற்றி, இரண்டு வாரமாவது வைத்திருந்து, கணுக்களைக் கண்ணால் பார்த்த பிறகே சேருங்கள்.