ஃப்ரீ ஸ்கேன்னு போர்டு, உள்ள வேற கதை: அமெரிக்க ப்ரெக்னன்சி சென்டர்கள் பத்தி

சுபா_நியூஜெர்சி:
ரூம்மேட்டுக்கு நாள் தள்ளிப் போச்சு. கூகுள்ல 'ஃப்ரீ ப்ரெக்னன்சி டெஸ்ட்'னு தேடி ஒரு இடத்துக்குப் போனோம். பார்க்க கிளினிக் மாதிரியேதான் இருக்கு, ஃபார்ம், வெள்ளை கோட்டு, ஸ்கேன் மெஷின் எல்லாம். ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சுப் பேசிட்டு, கலைக்கணும்னா எங்க போறதுன்னு இவ கேட்டதும் "அதுக்கெல்லாம் நாங்க அனுப்ப மாட்டோம்"னாங்க. இத வாசல்லயே சொன்னா என்னவாம்?

மேரி_ஹூஸ்டன்:
சுபா, கலைக்காம பெத்துக்க உதவற இப்படி ஒரு சென்டர்லதான் நான் சனிக்கிழமை வாலண்டியரா போறேன். புருஷன் விட்டுட்டுப் போனவ, விசா போயிடுமோன்னு பயந்து வர்றவ, எல்லாரையும் பாத்திருக்கேன். டயப்பர், கார் சீட், தொட்டில், பிள்ளை வளர்ப்பு கிளாஸ் எல்லாம் இலவசம், ஒரு பைசா வாங்கறதில்ல. கூகுளே 2019லேர்ந்து எங்க விளம்பரத்துல 'கருக்கலைப்பு செய்வதில்லை'னு போடுதும்மா.

சுபா_நியூஜெர்சி:
கலைக்கறத பத்தி தேடினாத்தான் அந்த லேபிள் வரும்க்கா. நாங்க தேடினது டெஸ்ட். வரல.

கணக்குப்புலி:
ஒரு பைசா வாங்கலையா? உங்க டெக்சாஸ்ல இந்த மாதிரி சென்டருங்களுக்குப் போற திட்டத்துக்கு 2023ல ரெண்டு வருஷத்துக்கு 14 கோடி டாலர் ஒதுக்கினாங்களே, அது யார் வரிப்பணம்?

மேரி_ஹூஸ்டன்:
எங்க சென்டர் அதைத் தொடல, சர்ச் காணிக்கைலதான் ஓடுது. சொல்லப்போனா சுபா ஊர்லயே 2023ல அட்டர்னி ஜெனரல், அதான் மாநில அரசோட தலைமை வக்கீல், ஒரு சென்டருக்கு நன்கொடை கொடுத்தவங்க விவரத்தைக் கேட்டு சம்மன் அனுப்பி, அந்த கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. யாரு யாரை மிரட்டறாங்க?

வக்கீல்_வாசு:
போர்டு விஷயத்துக்கு வரேன். கலிஃபோர்னியா 2015ல சட்டமே போட்டுச்சு, லைசென்ஸ் இல்லாத சென்டர்னா அத எழுதி ஒட்டணும், லைசென்ஸ் இருந்தா அரசு குறைஞ்ச செலவுல கருக்கலைப்புக்கு வழி பண்ணுதுன்னு சொல்லணும்னு. 2018ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4னு சென்டருங்க பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. பேச்சுரிமை, அரசு எழுதிக் கொடுக்கறத நீ ஒட்டுன்னு சொல்ல முடியாதாம்.

கணக்குப்புலி:
நம்ம ஊர்ல எந்த ஸ்கேன் சென்டர் போனாலும் ஆணா பொண்ணான்னு சொல்றது குற்றம்னு போர்டு தொங்குது, யாரு உரிமை போச்சு?

மேரி_ஹூஸ்டன்:
அது பொண் குழந்தையைக் காப்பாத்த வச்ச போர்டு தம்பி. இது எங்க வாயாலயே கலைக்க வழி சொல்ல வைக்கற போர்டு. ரெண்டும் ஒண்ணா?

வக்கீல்_வாசு:
அக்கா சொல்றது லைசென்ஸ் உள்ள சென்டர் போர்டுக்குப் பொருந்தும், ஒத்துக்கறேன். 'இங்க லைசென்ஸ் இல்ல'ன்னு ஒட்டறதுல என்ன மனசாட்சி பிரச்சினை? கோர்ட் அதையும்தான் அடிச்சுது, எனக்கு அதுதான் இன்னும் ஜீரணிக்கல.

நர்ஸ்_கலா:
போர்டை விடுங்க. கருவைக் கலைக்க ரெண்டு மாத்திரை உண்டு; பல சென்டர்ல முதல் மாத்திரை மட்டும் போட்டவங்ககிட்ட, ரெண்டாவதைப் போடாதே, 'கலையாம திருப்பிடலாம்'னு ப்ரொஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் கொடுக்கறாங்க, மகப்பேறு டாக்டர்கள் சங்கமே இதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லன்னு சொல்லிடுச்சு. கலிஃபோர்னியால ஒரு ஆய்வு 12 பேரோட நின்னு போச்சு, மூணு பேருக்கு அவ்ளோ ரத்தப்போக்கு.

மேரி_ஹூஸ்டன்:
அந்த மூணுல ரெண்டு பேர் ப்ரொஜெஸ்டிரோன் எடுக்காதவங்க, டம்மி மாத்திரை. அத ஏன் சொல்லல?

நர்ஸ்_கலா:
அதுதான்க்கா என் பயமே! ரெண்டாவது மாத்திரைய போடாம விடறதே ஆபத்தா இருக்கலாம்னுதான் ஆய்வை நிறுத்தினாங்க. நீங்க விடச் சொல்றீங்க.

மேரி_ஹூஸ்டன்:
எங்க இடத்துல அந்த மாத்திரை கொடுக்கறதில்ல. சுபா, அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?

சுபா_நியூஜெர்சி:
நல்லா இருக்கா. என்ன முடிவு எடுத்தான்னு இங்க சொல்ல மாட்டேன். வாரா வாரம் அங்கேர்ந்து 'எப்படி இருக்கே, பேபி எப்படி இருக்கு'ன்னு மெசேஜ் வருது, பாத்துட்டு போனை கவுத்து வச்சிடறா. அந்த ஃபார்ம்ல எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தோம், இப்ப அது யார் கையில இருக்கோ.

வக்கீல்_வாசு:
இன்ஷூரன்ஸ் பில் போடாத இடம்னா பெரும்பாலும் ஹிப்பா சட்டமே பொருந்தாது, அதான் நோயாளி விவரத்தை ரகசியமா வைக்கச் சொல்ற சட்டம். ஆஸ்பத்திரி மாதிரி பூட்டி வைக்கணும்னு கட்டாயம் இல்ல.

மேரி_ஹூஸ்டன்:
மெசேஜுக்கு ஸ்டாப்னு பதில் போடச் சொல்லு. நிக்கலன்னா ஃபார்மைக் கிழிச்சுப் போடச் சொல்லி கையெழுத்தோட ஒரு லெட்டர் கொடுங்க, காப்பி வச்சுக்கோங்க. 'பேபி எப்படி இருக்கு'ன்னு அனுப்பறது தப்புதான், அத நான் நியாயப்படுத்தல.