சாங்கி சிற்றாலயம்: அசல் எங்கே இருக்கிறது?

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட வீரர்களின் நினைவாகச் சிங்கப்பூரில் உள்ள சாங்கி சிற்றாலயத்தைச் சென்ற மாதம் பார்த்தேன். மர இருக்கை ஒன்றில் வெகுநேரம் அமர்ந்திருந்துவிட்டு எழுந்தபோதுதான், அக்கட்டடம் மாதிரி என்பதும் அங்குள்ள சுவரோவியங்கள் நகல்கள் என்பதும் தெரியவந்து மனம் வாடியது. அசல் எங்கே இருக்கிறது? மங்கிய ஓவியத்தின் மேல் பிற்காலத்தில் வண்ணம் பூசினால், அதைக் கைதிகளின் படைப்பு என்று சொல்வது முறையா?

மறுமொழி 1

சாங்கியில் கைதிகள் எழுப்பிய ஆலயங்கள் பல. அவற்றுள் 1944இல் ஆஸ்திரேலியக் கைதிகள் கட்டிய ஒன்று, போர் முடிந்தபின் பிரிக்கப்பட்டுக் கப்பலில் அவர்கள் நாட்டுக்குச் சென்றது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடங்கில் கிடந்த அது, கான்பராவின் டன்ட்ரூன் ராணுவக் கல்லூரி வளாகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டு, ஜப்பான் சரணடைந்த அதே ஆகஸ்ட் 15ஆம் நாளில், 1988இல், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளின் தேசிய நினைவிடமாகத் திறக்கப்பட்டது. நீங்கள் பார்த்த மாதிரியும் 1988இல் சாங்கி சிறையருகே கட்டப்பட்டதுதான். 2001இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஆனால் அங்கு வைத்திருக்கும் பித்தளைச் சிலுவை அசல். பீரங்கிக் குண்டின் வெற்று உறையிலிருந்து ஹாரி ஸ்டாக்டன் என்னும் கைதி அதைச் செய்தார். அவர் வீடு திரும்பவில்லை. அதன் முன் நின்றிருந்தால் உங்கள் வருத்தம் சற்றுக் குறைந்திருக்கும்.

மறுமொழி 2

ஓவியங்களைப் பற்றி நான் சொல்கிறேன். அசல் ஓவியங்கள் சாங்கியில் உள்ள ராபர்ட்ஸ் படைமுகாமின் 151ஆம் கட்டடத்தில் இருக்கின்றன. 1942இல் அது கைதிகளின் மருத்துவமனையாக இருந்தது. வயிற்றுக்கடுப்பால் எழுந்து நிற்கவும் வலுவில்லாமல் கிடந்த ஸ்டான்லி வாரன் என்னும் பிரிட்டிஷ் வீரர், சிறிது நேரம் தீட்டுவதும் களைத்து ஓய்வதுமாக ஐந்து பெரிய ஓவியங்களை வரைந்தார். வண்ணம் ஏது? சக கைதிகள் ஆபத்தை அறிந்தே தேடிக்கொண்டுவந்த ராணுவ வாகனப் பழுப்புப் பெயிண்டும், நீலத்துக்காகப் பொடித்துக் கரைத்த பில்லியர்ட்ஸ் சாக்கட்டியும் போன்றவைதான்.

பின்னர் வெள்ளையடித்து மறைக்கப்பட்ட அச்சுவர்கள் 1958இல் மீண்டும் வெளிப்பட்டன. லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரனைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்தபோது, அந்நாட்களை மறக்க முயன்றுகொண்டிருந்த அவர் முதலில் தயங்கினார். ஆயினும் 1963, 1982, 1988 என மும்முறை வந்து தம் கையாலேயே சீர்செய்தார். வரைந்தவரே திரும்ப வந்து தீட்டியதை அந்நியப் பூச்சு என்று ஒதுக்க என்னால் இயலாது.

மறுமொழி 3

வாரனே தீட்டினார் என்பதைவிட, எங்கே தீட்டாமல் விட்டார் என்பதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். புனித லூக்கா சிறையில் இருப்பதைக் காட்டும் ஓவியத்தின் கீழ்ப்பகுதி, சுவரில் கதவு வைக்க இடித்தபோது அழிந்துபோயிற்று. முன்பு வரைந்திருந்தது நினைவுக்கு வராததால், அவர் அவ்விடத்தைக் கற்பனையால் நிரப்ப முற்படவில்லை. அதனால்தான் மற்ற நான்கையும் நான் நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அந்தச் சிலுவையை நான் கவனிக்காமல் வந்துவிட்டேன். 151ஆம் கட்டடத்தை நேரில் பார்க்க இயலுமா?

மறுமொழி 2

அது விமானப்படைத் தளத்துக்குள் இருப்பதால், நினைத்த நாளில் உள்ளே செல்ல முடியாது. முன் அனுமதி வேண்டும். பயண நாளை முடிவுசெய்யும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.