கல்லூரிக் கணக்கில் மிஞ்சிய உதவித்தொகை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தவர்களிடம் ஒரு கேள்வி. மகளுக்குப் பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை), ஃபெடரல் கடன் (மத்திய அரசு தரும் கல்விக் கடன்) இரண்டும் வந்து கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் கழிந்து மீதி நிற்கிறது. வகுப்பும் தொடங்கியாயிற்று. மிஞ்சும் தொகையை 14 நாளுக்குள் மாணவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதிலிருந்து பார்க்கிங் அபராதத்தையும் பிடித்திருக்கிறார்கள். மாணவர் சம்மதம் இல்லாமல் இதற்கெல்லாம் ஃபெடரல் பணத்தைத் தொடக் கூடாதே? சேரும்போது டிக் செய்த படிவங்களில் (யார்தான் முழுசாகப் படிக்கிறார்கள்!) அந்தச் சம்மதமும் இருந்திருக்குமோ? இப்போது அதை ரத்து செய்தால் பிடித்தது திரும்புமா, இனி வருவதற்கு மட்டும்தானா? அப்புறம், பேரன்ட் பிளஸ் கடனும் (பெற்றோர் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடன்) எடுத்திருக்கிறோம். அதில் மிஞ்சுவதை உங்களுக்கு யார் பெயரில் அனுப்பினார்கள்?