8088-இல் ஜன்னல்கள்: அடியில் இருப்பதைச் சேமிப்பதா, திரும்ப வரைவதா?

வரிக்கோடு:
4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 (முதல் ஐபிஎம் பிசியில் இருந்த இன்டெல் சிப்), 640 கேபி ராம், டாஸ். இதற்கு ஒரு ஜன்னல் டூல்கிட்டை (ஜன்னல், மெனு வரைந்து தரும் நிரல் தொகுப்பை) போர்ட் செய்கிறோம், அதாவது இதில் ஓடும்படி மாற்றுகிறோம். மேல் ஜன்னல் நகர்ந்ததும் அடியில் வெளிப்படும் இடத்தை யார் நிரப்புவது? டூல்கிட்தான் என்பேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பஃபர் (படத்தின் நகலை வைக்கும் நினைவக இடம்) வைத்து அதிலிருந்து நிரப்ப வேண்டும். 1985-இல் வந்த ஜெம் (டிஜிட்டல் ரிசர்ச்சின் ஜன்னல் சூழல்) இந்த வேலையை அப்ளிகேஷன் தலையில் கட்டியது. ரீட்ரா (‘திரும்ப வரை’) செய்தியை ஒரு புரோகிராம் கவனிக்காமல் விட்டால் திரையில் ஓட்டைதான்.

செக்மென்ட்64:
அக்கால வீடியோ கார்டுகளின் கணக்கைப் பாருங்கள். சிஜிஏ 640×200 திரைக்கு 16,000 பைட். ஹெர்குலிஸ் 720×348-க்கு 31,320. ஈஜிஏ 640×350, 16 நிறம் என்றால் 1,12,000 பைட். 8088 நினைவகத்தை 64 கேபி துண்டுகளாகத்தான் (செக்மென்ட்) தொடும்; ஒரு துண்டில் இது அடங்காது. நாலு ஜன்னல் திறந்தால் அப்ளிகேஷனுக்கு என்ன மிஞ்சும்?

நேரமும் இடிக்கும். 8088-க்கு வெளியே 8 பிட் பஸ்தான், அதனால் ரெப் மூவ்ஸ்டபிள்யூவில் (REP MOVSW, நினைவகத்தைத் தொடர்ந்து நகலெடுக்கும் கட்டளை) ஒரு வேர்டுக்கு (2 பைட்) 25 கிளாக் (சிப்பின் துடிப்பு). சிஜிஏ முழுத்திரைக்கு 8,000 வேர்டு, 2 லட்சம் கிளாக், சுமார் 42 மில்லிசெகண்ட். கார்டுக்காகச் சிப் காத்திருக்கும் நேரம் (வெயிட் ஸ்டேட்) இதற்கு மேல். ஒரே மூச்சில் நகலெடுக்கவும் முடியாது: இரட்டை வரிகள் ஒரு பேங்கிலும் ஒற்றை வரிகள் 8 கேபி தள்ளியும் கிடக்கின்றன.

ஜெம் செய்தது சரி. திரையைப் பூட்டு, மவுஸை மறை, ஜன்னலின் முதல் தெரியும் செவ்வகத்தை வாங்கு, அழுக்கான பகுதியோடு வெட்டு, கிளிப் வை (அதற்கு வெளியே எதுவும் வரையாதபடி), வரை. அகலமும் உயரமும் பூஜ்யமாக வரும்வரை அடுத்த செவ்வகம். மெனுவுக்கும் அலர்ட்டுக்கும் மட்டும் கால் திரை அளவு பஃபர்.

வரிக்கோடு:
மெனுவுக்குச் சேமிப்பது சரியென்றால் ஜன்னலுக்கு மட்டும் ஏன் கூடாது? 256 கேபி ஈஜிஏவில் ஒரு பிளேனுக்கு (பிக்சலின் நாலு நிற பிட்டில் ஒன்றை வைக்கும் அடுக்கு) 64 கேபி. திரைக்கு 28,000 பைட் போக 37,536 சும்மா கிடக்கிறது. ஈஜிஏவின் நகல் முறையான ரைட் மோட் 1 போட்டால் ஒரு பைட் படிக்கும்போதே நாலு பிளேனும் கார்டின் லாட்ச்சில் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இடம்) ஏறும், எழுதும்போது நாலும் இறங்கும். மெயின் ராம் ஒரு பைட்கூடச் செலவில்லை.

செக்மென்ட்64:
ஐபிஎம் முதலில் விற்ற ஈஜிஏவில் 64 கேபிதான். அதில் 640×350-க்கு 4 நிறம். ஒதுக்கப் பெரிதாக இடம் இராது. அந்தக் கார்டில் உங்கள் டூல்கிட் என்ன செய்யும்?

லாட்ச் நகலில் இன்னும் இரண்டு கண்ணி. ஒவ்வொரு பைட்டாக நகலெடுக்கும் மூவ்ஸ்பி மட்டுமே ஆகும்; லாட்ச் பிளேனுக்கு ஒரு பைட்தான் பிடிக்கும், மூவ்ஸ்டபிள்யூ போட்டால் படம் கெட வாய்ப்புண்டு. அடுத்தது மவுஸ். நகல் பாதியில் இருக்கும்போது மவுஸின் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்து கர்சரை வரைந்தால் ரைட் மோட் 1-இலேயே குப்பை எழுதும். ஈஜிஏ ரிஜிஸ்டர்களை (கார்டின் அமைப்பு மதிப்புகளை) திரும்பப் படிக்க முடியாது, அதனால் பழைய மதிப்பு அந்த இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லருக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ராமில் ஒரு நிழல் பிரதி வேண்டும். மைக்ரோசாஃப்ட் மவுஸ் டிரைவர் இன்டரப்ட் 10h-இல் இதற்கென்றே தனி ஃபங்ஷன்கள் தருகிறது.

எட்டுபிக்சல்:
இருவரும் அலைன்மென்டை (ஜன்னல் பைட் எல்லையில் நிற்பதை) தொடவே இல்லை. ஜன்னலின் எக்ஸ் 8-இன் மடங்கில் நின்றால் 8 பிக்சல் எழுத்தின் ஒரு வரி என்பது ஒரே பைட் எழுதுவது. 7 பிக்சல் தள்ளிப்போனால் ஷிஃப்டுக்கு மட்டும் 36 கிளாக், பிறகு இரண்டு பைட்டைப் படித்து மாஸ்க் போட்டு (மற்ற பிட்களைக் காத்து) எழுத வேண்டும். இது ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு தடவை. ரீட்ரா மெதுவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 8-இன் மடங்கில் ஒட்டவைக்க வேண்டியது வெளி ஃபிரேமை அல்ல, உள்பகுதியை. ஒரு பிக்சல் பார்டர் இருந்தாலே உள்பகுதி விலகிவிடும். இழுக்கும்போது எக்ஸார் கோடு (இரண்டாம் முறை வரைந்தால் அழிந்துவிடும் கோடு) காட்டினால் போதும், விட்டதும் ஒட்டவையுங்கள்.

வரிக்கோடு:
எழுத்துக்கு அது சரி. நூற்றுக்கணக்கான வளைகோடும் பேட்டர்ன் நிரப்பலும் உள்ள வரைபட ஜன்னலுக்கு அலைன்மென்ட் உதவாது. அங்கே 42 மில்லிசெகண்ட் நகல் கொள்ளை லாபம். சேமிப்புதான் இயல்பாக இருக்க வேண்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.

செக்மென்ட்64:
அந்த அப்ளிகேஷனே தனக்கு ஒரு பிட்மேப் வைத்துக்கொள்ளலாமே. டூல்கிட் இயல்பாகச் சேமித்தாலும் நினைவகம் கிடைக்காத நேரம் வரும், அப்போது ரீட்ரா கோடு இல்லாமல் முடியாது. எழுதியே ஆக வேண்டியதை முதலில் எழுதுங்கள். டீபக் பில்டில் (பிழை தேடும் சோதனைப் பதிப்பில்) பஃபர் ஒதுக்கீடு எப்போதும் தோற்கும்படி வைத்துவிட்டு, மேல் ஜன்னலை மூலைவிட்டமாக இழுத்துப் பாருங்கள். வெளிப்படும் இடம் இரண்டு செவ்வகமாக உடையும். மூலையில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், எக்ஸாரில் வரைந்த செலக்ஷன் அங்கே இரண்டு முறை புரண்டு மறைந்துபோகும். செவ்வகம் வெட்டும் ரொட்டீனில் ஒரு பிக்சல் பிழை இருந்தால் அங்கேதான் கண்ணில் படும்.