ஸ்ப்ரே அடித்த பிறகு ஒரு வரிசை எறும்பு மூன்று வரிசையாகிவிட்டது

மாடிவீட்டுக்காரி, தாம்பரம்:
சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்துப் பழகிவிட்டேன், அது பிரச்சினை இல்லை. இப்போது வருவது வேறு எறும்பு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிசு. பூஜை அலமாரித் தேன் பாட்டில், குழந்தையின் மருந்து மூடி, பல் பிரஷ் என்று எதையும் விடவில்லை. கடிப்பதில்லை. போன மாதம் சமையல் மேடை ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை போனது. கடையில் வாங்கிய ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு நாள் ஒன்றுகூட இல்லை. நான்காம் நாள் மேடை, குளியலறை, சுவிட்ச் போர்டு என்று மூன்று இடத்தில் வரிசை. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறாள், கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயது. என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரன்:
மஞ்சள்தூள் தூவுங்க மேடம். எங்கள் வீட்டில் கட்டெறும்பு கிட்டவே வராது.

பழைய மருந்துக்காரன், மதுரை:
மஞ்சள்தூள் தடத்தைக் கலைக்கும், கூட்டைக் கலைக்காது. அரை மணியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். நான் 11 வருடம் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு வீடு வீடாக மருந்து அடித்தவன், அதனால் சொல்கிறேன்.

முதலில் அது என்ன எறும்பு என்று பாருங்கள் அம்மா. வரிசைக்கு நடுவே வெள்ளைக் காகிதம் வையுங்கள், நாலைந்து ஏறியதும் போனில் பெரிதாக்கிப் பாருங்கள். தலை கறுத்து, வயிறும் காலும் வெளிறி, காகிதத்தில் தலை மட்டும் ஓடுவதுபோல் தெரிந்தால் அது கோஸ்ட் ஆன்ட், பேய் எறும்பு. நசுக்கி முகர்ந்தால் கெட்டுப்போன தேங்காய் வாடை அடிக்கும். உடம்பெல்லாம் தேன் நிறமாக, வயிற்று நுனி மட்டும் கருத்திருந்தால் ஃபாரோ எறும்பு. இரண்டும் சுமார் 2 மில்லிமீட்டர்தான். நீளக் கால், நீள மீசையோடு கோணல்மாணலாக ஓடும் கறுப்பு எறும்பு என்றால் கவலை குறைவு. எங்கள் பக்கம் அதைப் பிள்ளையார் எறும்பு என்போம், பாட்டி அடிக்க விடமாட்டாள்.

முதல் இரண்டு வகையிலும் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். ஸ்ப்ரே பட்டால் ஆளுக்குக் கொஞ்சம் வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். உங்கள் ஒரு வரிசை மூன்றானது அப்படித்தான் இருக்கும். நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு லாட்ஜில் ஒரே ஒரு அறைக்குத்தான் கூப்பிட்டார்கள். நான் அடித்து முடித்த மாதம் அந்த மாடி முழுக்க எறும்பு. மேனேஜர் மிச்சக் காசைக் கொடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை.

இனி வரிசையைத் துடைக்காதீர்கள். அதுதான் மருந்தைக் கூட்டுக்குள் கொண்டுபோகப் போகிறது. கேரம்போர்டுக்குத் தூவும் போரிக் பவுடர் வாங்குங்கள். பாக்கெட்டில் போரிக் ஆசிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், வெறும் மாவையும் கேரம் பவுடர் என்று விற்கிறார்கள். 100 மில்லி வெந்நீரில் 2 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய கால் டீஸ்பூன் பவுடர். கூடப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். வீரியம் ஏறினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது.

அதைப் பஞ்சில் நனைத்து, இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். டப்பாவின் பக்கத்தில் சூடான ஊசியால் நாலு ஓட்டை. மூடிக்கு மேல் டேப். குழந்தைக்கு எட்டாத உயரம். மீந்ததைக் கொட்டிவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். எறும்புக்கென்று விற்கும் சாக்பீஸ் கோடும் வேண்டாம், அதுவும் பூச்சிமருந்துதான். முதல் இரண்டு நாள் கூட்டம் மொய்க்கும், பயப்படாதீர்கள். பஞ்சு காய்ந்தால் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும்.

மாடிவீட்டுக்காரி:
பார்த்துவிட்டேன். தலை கறுப்பு, மீதி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நசுக்கியும் பார்த்தேன். அதே வாடை. இனி தேங்காய்ச் சட்னி இறங்குமா என்று சந்தேகம்.

தொட்டிச்செடி, கோவை:
அக்கா, பால்கனியில் செம்பருத்தி இருக்கிறதா? இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி இருந்தால் எறும்பு அங்கேதான் மேயும். அந்தப் பூச்சி விடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பே அதற்குக் காவல் இருக்கும். மோசமான கிளையை வெட்டிவிட்டு, மீதிக்குச் சோப்புத் தண்ணீர் அடியுங்கள்.

மாடிவீட்டுக்காரி, 19 நாள் கழித்து:
செம்பருத்தி இருந்தது. ஒரு கிளை ஜன்னல் கம்பியில் சாய்ந்து கிடந்தது, இலைக்கு அடியில் மாவுப்பூச்சி துருவிய தேங்காய்ப்பூ மாதிரி அப்பியிருந்தது (மறுபடியும் தேங்காய்!). ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பின்தொடர்ந்தேன். கிளை, கம்பி, அங்கிருந்து ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக உள்ளே. கிளையை வெட்டியாயிற்று, ஓட்டையை ஒயிட் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. மேடையிலும் குளியலறையிலும் இல்லை. சுவிட்ச் போர்டில் மட்டும் நாலைந்து.

பழைய மருந்துக்காரன்:
போர்டைத் திறக்காதீர்கள், அதில் எதையும் அடிக்காதீர்கள். ஒரு டப்பாவை அதன் பக்கத்தில் சுவரோடு டேப் போட்டு ஒட்டுங்கள், குழந்தைக்கு எட்டக் கூடாது. இன்னும் ஒரு வாரம் பஞ்சை மாற்றுங்கள்.

மாடிவீட்டுக்காரி:
ஒட்டிவிட்டேன் அண்ணா. கீழ்வீட்டு அக்கா நேற்று வந்து, "உங்க வீட்லேருந்துதான் இறங்கி வருதா?" என்று கேட்டார். அவருக்கும் ஒரு டப்பா ரெடி செய்துகொண்டிருக்கிறேன்.